சாய்நிலமும் சைக்கிளும்: துவிச்சக்கரவண்டியைத் திருத்தும் அறிவின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கண்டியிலிருந்து வத்தேகாமம் வழியாக மாத்தளைக்குச் செல்லும் வீதியில், மாத்தளை நகருக்குச் சில கிலோமீற்றர் தெற்கே அமைந்துள்ள ஊர் உக்குவளை. கோப்பிக் காலம் மங்கிக்கொண்டிருந்த வேளையில், 1880ஆம் ஆண்டு மாத்தளைக்குத் திறக்கப்பட்ட புகையிரதப் பாதை இவ்வூரின் வழியே செல்கின்றது. அப்பாதை வருவதற்கு முன்னர், மன்னார்க் கரையில் இறங்கிக் காடு கடந்து கால்நடையாக வந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு மலையகத்தின் வாயிலாக விளங்கியது மாத்தளையே. கோப்பி அழிந்த பின்னர் கொக்கோவும் இறப்பரும் வாசனைத் திரவியப் பயிர்களும் இச்சாய்வுகளை நிரப்பின. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இவ்வூருக்கு 1976ஆம் ஆண்டு இன்னொரு சிறப்பும் சேர்ந்தது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்து அமைத்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்னிலையத்தை வந்தடைந்தது. அங்கு இரண்டு சுழலிகளைச் சுழற்றி ஏறத்தாழ 40 மெகாவாற்று மின்வலுவைத் தந்த பின்னரே அந்நீர் சுதுகங்கையில் விழுந்து, அம்பன் கங்கையைச் சேர்ந்து, உலர்வலயத்து வயல்களை நோக்கிச் செல்கின்றது.

மின் பிறக்கும் இவ்வூரிலும் இதனையொத்த மலையக ஊர்களிலும் மக்கள் வாகனமாகிய துவிச்சக்கரவண்டி ஏன் வேரூன்றவில்லை என்ற வினாவுக்கு விடை எளிது. ஏற்றம் கடிது, இறக்கம் கொடிது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அனுராதபுரத்துக் குடியேற்றத் திட்டங்களிலும் வீட்டுக்கு ஒன்றாக நின்ற இவ்வண்டி, மலையகத்தில் மீன்காரரும் பாண்காரரும் பொருளேற்றித் தள்ளிச் செல்லும் சுமைதாங்கியாகவே பெரிதும் காணப்பட்டது. மின்னோடி பொருத்திய மலைவண்டி இந்நிலையை மாற்றவல்லது. எனினும், ஒரு வாகனம் ஒரு சமூகத்துக்கு உரிமையாவது அதனை விலைகொடுத்து வாங்கும் நாளிலன்று. அது பழுதுற்ற இடத்திலேயே அதனைத் திருத்த ஒரு கை கிடைக்கும் நாளிலேயாம். துவிச்சக்கரவண்டியின் வரலாற்றை இக்கோணத்திலிருந்து நோக்குவோர் மிகச் சிலரே. புனைந்தோரின் பெயர்களை வரலாறு பேணியிருக்கின்றது. ஒட்டுப் போட்டோரின் பெயர்களை அது பேணவில்லை.

புனைந்தோரைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1817இல் ஜேர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வொன் டிறைஸ் என்பார் காலால் நிலத்தை உதைத்து ஓட்டும் இருசில்லு வண்டியைச் செய்தார். 1860களில் பாரிஸ் நகரில் அதற்கு மிதி பூட்டப்பட்டது. 1885இல் கொவென்ட்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலி செய்த 'றோவர்' வண்டியே சமமான இரு சில்லுகளும் பின்சில்லை இழுக்கும் சங்கிலியும் கொண்ட இன்றைய வடிவத்தின் மூலம். 1888இல் டன்லப் காற்றடைத்த ரயரைக் கொணர்ந்தார். இவ்விரண்டுக்கும் முன்னரே, 1880இல், மன்செஸ்ரர் நகரத்து ஹான்ஸ் றெனோல்ட் உருளைச் சங்கிலிக்கான உரிமத்தைப் பெற்றிருந்தார். பலர் கவனியாது விடும் இவ்வாண்டே திருத்துவோனின் நோக்கில் தலையாயது. தேய்ந்த சங்கிலியின் கண்ணிகளைக் கழற்றி, புதியவற்றைக் கோத்து, ஒரு சுத்தியலும் ஆணியும் கொண்டு வீட்டு முற்றத்திலேயே மாட்டிக்கொள்ள வழி செய்த அமைப்பு அதுவே.

இதில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, அந்நாற்றுகளில் பெரும்பகுதி 1876இல் இலங்கைக்கே அனுப்பப்பட்டது. ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்ந்த அம்மரங்களின் வழியாகவே ஆசியாவின் இறப்பர்ச் செய்கை பெருகியது. மாத்தளைச் சாய்வுகளில் பால் வெட்டிய தொழிலாளி, தான் வெட்டிய பாலில் செய்த ரயரில் ஏறிச் செல்லும் வாய்ப்பை நெடுங்காலம் பெறவில்லை என்பது குடியேற்றவாதப் பொருளாதாரத்தின் இயல்பைக் காட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இவ்வண்டி ஆசிரியர், எழுதுவினைஞர், தபாற்காரர் முதலியோரின் ஊர்தியாயிற்று. ரலி, ஹம்பர், ஹேர்க்குலிஸ் முதலிய ஆங்கிலப் பெயர்கள் குடும்பப் பெயர்கள் போல வழங்கின. பெண்கொடுப்போர் மாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் நிற்கும் வண்டியைக் கண்ணால் அளந்த காலம் அது. 1949இல் சென்னையில் தொடங்கப்பெற்ற சைக்கிள் நிறுவனம் ஹேர்க்குலிஸ் வண்டியை அம்பத்தூரிலேயே செய்யத் தலைப்பட்டது. இலங்கையிலும் பிற்காலத்தில் லுமாலா முதலிய உள்நாட்டு வண்டிகள் வந்தன. இவ்வளர்ச்சியோடு சேர்ந்து, சந்திக்குச் சந்தி ஒரு திருத்துங் கடையும் எழுந்தது. ஒரு கொட்டில், கூரை வளையிலிருந்து தொங்கும் கயிறு, அக்கயிற்றில் மாட்டி உயர்த்திய வண்டி, தண்ணீர் நிரப்பிய பழைய தாச்சி, காற்றடிக்கும் பம்பு, குறடு, திருகாணித் திறப்பான்கள், மண்ணெண்ணெய்ப் பேணிக்குள் ஊறும் சிறு குண்டுகள் ஆகிய இவையே அதன் மூலதனம். எழுத்தறிவு அங்கு தேவைப்படவில்லை. விரல் அறிவே தேவைப்பட்டது. சில்லைச் சுழலவிட்டு, விளிம்பினருகே சுண்ணக்கட்டியைப் பிடித்து, அது எங்கு படுகின்றதெனக் கண்டு, அவ்விடத்துக் கம்பியை எதிர்ப்பக்கத்துக்கு இறுக்கி நெளிவெடுக்கும் நுட்பம் எந்தப் பாடநூலிலும் இருந்து கற்கப்பட்டதன்று.

கடையில் நின்று பார்த்த சிறுவன் வீட்டில் அதனைச் செய்தான். ரியூப்பைத் தண்ணீருள் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் கண்டான். அதனை அரத்தாளால் உரசி, பழைய ரியூப்பில் வெட்டிய துண்டைச் சொலூசன் பூசி ஒட்டினான். இத்தகைய கற்றலை முறைசாராக் கல்வி என்று இன்றைய கல்வியியலாளர் கூறுவர். அன்று அதற்குப் பெயரில்லை. பெயரில்லாமையாலேயே அது பாடசாலைக் கல்விக்குக் கீழானதாகவும் எண்ணப்பட்டது. தமிழ்ச் சமூகம் நூலறிவுக்குக் கொடுத்த மதிப்பைக் கையறிவுக்குக் கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. 1964இல் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தபோது, தன் மகன் அங்கு புகவேண்டுமென விரும்பிய தந்தை, அவன் கையில் கறுப்பு எண்ணெய் படுவதை விரும்பினார் அல்லர்.

1970 முதல் 1977 வரை நிலவிய கடும் இறக்குமதிக் கட்டுப்பாடு இக்கையறிவின் மதிப்பை ஓரளவு உயர்த்திற்று. உதிரிப்பாகம் அரிதானபோது, பழையதைக் கழற்றிப் பொருத்துதல் தொழிலாயிற்று. ஒரு வண்டியின் சட்டமும் மற்றொன்றின் சில்லும் மூன்றாவதன் மிதிகளும் கூடி நான்காவது வண்டி பிறந்தது. சங்கிலிக் கண்ணியின் அளவும் குண்டுகளின் பருமனும் திருகாணிப் புரிகளும் பெரும்பாலும் ஒத்தவையாக இருந்தமையே இதனை இயலச் செய்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் புதிய பொருள்களைக் கொண்டுவந்ததோடு, பழுதானதை எறியும் வழக்கத்தையும் உடன்கொணர்ந்தது.

இவ்வறிவின் முழு ஆற்றலும் வெளிப்பட்ட களம் யாழ்ப்பாணக் குடாநாடே. 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதோடு தேசிய மின்வலைத் தொடர்பு அறுந்தது. எரிபொருள், மின்கலம், சீமெந்து, பசளை முதலிய பல பொருள்கள் வடக்கே செல்வது தடுக்கப்பட்டது அல்லது பெரிதும் குறைக்கப்பட்டது. பெற்றோல் துளி துளியாக விற்கப்பட்டது. மோட்டார்ச் சைக்கிளையும் காரையும் சிறிது பெற்றோலால் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையைத் திருத்துநர் கண்டனர். அதற்கும் வழியற்ற பெரும்பான்மையினருக்குத் துவிச்சக்கரவண்டியே எஞ்சியது. நோயாளி அதில் வைத்தியசாலைக்குச் சென்றார். விறகும் மரக்கறியும் அதில் சந்தைக்குச் சென்றன. மாணவியர் அதில் தனியார் வகுப்புகளுக்குச் சென்றனர். ஆனையிறவுப் பாதை மூடுண்டபோது, கொம்படி, ஊரியான் வெளிகளில் நீருக்குள்ளும் சேற்றினுள்ளும் மக்கள் வண்டிகளைத் தள்ளியும் தூக்கியும் சென்றனர். பின்னர் கிளாலிக் கடனீரேரியில் வள்ளங்களில் ஏற்றினர். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, ஒரு குடும்பத்தின் உடைமை அனைத்தும் ஏறியிருந்தது பெரும்பாலும் ஒரு வண்டியின் காரியரிலேயே. அன்றிரவு ஓட்டுவதற்கு இடமிருக்கவில்லை, தள்ளுவதற்கே இடமிருந்தது.

இக்காலத்துச் செயல்களில் ஒன்று பெயரளவில் அறியப்பட்டும் அதன் நுட்பம் போதியளவு பேசப்படாதுள்ளது. வானொலிக்கு மின்கலம் கிடையாதபோது, சைக்கிள் டைனமோவினால் அதனை இயக்கினர் என்பது பலரும் கூறும் செய்தி. அது வெறும் கம்பி இணைப்பு வேலையன்று. ரயரில் உரசிச் சுழலும் சாதாரண டைனமோ 6 உவோற்று, 3 உவாற்று அளவில் விளக்கெரிக்கச் செய்யப்பட்டது. இரவில் விளக்கின்றி ஓட்டுவது தண்டத்துக்குரிய குற்றமாதலின், சட்டத்துக்கு அஞ்சிப் பூட்டிய கருவி அது. நான்கு சிறு மின்கலங்கள் இடும் வானொலிக்கும் வேண்டியது 6 உவோற்றே. எண்கள் பொருந்தினும் இயல்பு பொருந்தாது. டைனமோ தருவது திசை மாறிமாறி ஓடும் மின். வானொலி வேண்டுவது ஒரே திசையில் ஓடும் மின். ஆகவே இடையில் டயோட்டுகளை இட்டு ஒரு திசைப்படுத்தி, கொள்ளளவி ஒன்றினால் அதன் துடிப்பைத் தணித்தல் வேண்டும். மேலும், மிதிப்பவர் வேகமாக மிதித்தால் அழுத்தம் உயர்ந்து வானொலி கெடும். தளர்ந்தால் செய்தி நடுவில் அறும். எனவே செய்தி நேரத்தில் வண்டியை நிறுத்தியில் ஏற்றி, ஒரே சீராக மிதிக்கப் பழகிய ஒருவர் வேண்டியிருந்தார். உயர்தரப் பௌதிகவியலில் மாணவர் மனனஞ் செய்த சீராக்கற் சுற்று, சுற்றிலும் இருள் சூழ்ந்த வீட்டுத் திண்ணையில் உயிர்பெற்றது. நூலறிவும் கையறிவும் தமிழ்ச் சமூகத்தில் இவ்வளவு அணுக்கமாகச் சந்தித்த வேறொரு தருணத்தைக் காட்டுதல் அரிது. அச்சந்திப்பு நெருக்கடியின் பேறாக நிகழ்ந்தது என்பதும், நெருக்கடி தணிந்ததும் பெரும்பாலும் கலைந்து போயிற்று என்பதும் வருந்தத்தக்கன.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், பாக்கு நீரிணைக்கு அப்பால், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துக் கிராமப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டுதலையும் கற்பித்தது. 1990களின் தொடக்கத்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அங்கு ஓட்டப் பழகினர் என்பர். ஓட்டுதலைப் பெண்கள் கைக்கொண்ட அளவுக்குத் திருத்துதலைக் கைக்கொண்டனரா என்ற வினா அங்கும் இங்கும் எஞ்சி நிற்கின்றது. யாழ்ப்பாணத்து மாணவி நாளொன்றுக்குப் பத்துக் கட்டை ஓடினாலும், காற்றுப் போன ரியூப்பை ஒட்டச் சந்திக் கடைக்கே வண்டியை உருட்டினாள்.

மலைவண்டியின் பிறப்பும் ஒரு திருத்த வேலையோடு பிணைந்தது என்பது சுவையான செய்தி. உக்குவளையில் சுழலிகள் சுழலத் தொடங்கிய அதே 1976ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் மரின் பகுதியில், தமல்பைஸ் மலையை அடுத்த ஒரு மண்பாதையில் இளைஞர் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் கீழ்நோக்கிப் பந்தயம் ஓடினர். ஏறத்தாழ 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் பாதை அது. மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பிடிக்கும் குடத்துத் தடையே அவ்வண்டிகளில் இருந்தது. ஒருமுறை இறங்கியதும் குடத்தினுள் இருந்த கிறீஸ் கொதித்துப் புகைந்து தீர்ந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்கு முன் குடத்தைப் பிரித்து மீண்டும் கிறீஸ் அடைக்கவேண்டும். மீண்டும் அடைத்தல் என்று பொருள்படும் 'றீபக்' என்ற சொல்லே அப்பாதைக்கும் பந்தயத்துக்கும் பெயராயிற்று. ஜோ பிறீஸ், கரி ஃபிஷர், சார்லி கெலி முதலியோர் தத்தம் வண்டிகளைத் தாமே பிரித்துப் பொருத்தி, எது முறிகின்றது, எது தாங்குகின்றது என்று கண்டதன் விளைவே மலைவண்டி. 1977இல் பிறீஸ் அதற்கெனத் தனிச் சட்டம் செய்தார். 1981இல் அது தொழிற்சாலைப் பண்டமாயிற்று. பட்டறை ஆய்வுகூடத்தை முந்திய எடுத்துக்காட்டு இது.

மின்வண்டியோ அதனினும் பழையது. 1895 டிசெம்பர் 31ஆம் நாள் ஒக்டன் போல்ற்றன் என்ற அமெரிக்கர், பின்சில்லின் குடத்திலேயே மின்னோடி அமைந்த வண்டிக்கு உரிமம் பெற்றார். 10 உவோற்று மின்கலவடுக்கிலிருந்து 100 அம்பியர் வரை இழுக்கும் அமைப்பு அது. அக்காலத்து ஈய அமில மின்கலத்தின் பாரம் அக்கருத்தை நூறாண்டு உறங்கச் செய்தது எனலாம். 1993இல் யப்பானின் யமஹா நிறுவனம் மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்ப உதவும் வண்டியை விற்பனைக்கு விட்டது. அதற்கு இரண்டாண்டு முன்னர், 1991இல், இலிதியம் அயன் மின்கலம் சந்தைக்கு வந்திருந்தது. இவ்விரண்டும் பின்னர் இணைந்தமையே இன்றைய மின்மலைவண்டி. இம்மின்கலத்தின் ஒரு முனையில் அமைவது பென்சிற்கரி. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அதனை ஏற்றுமதி செய்த நாடு இலங்கை. இறப்பரின் கதையை நினைவுகூர்வோருக்கு இது வியப்பளிக்காது.

உக்குவளைச் சாய்வுக்கு இவ்வண்டி எவ்வளவு பொருந்தும் என்பதை எளிய கணக்கினால் அறியலாம். ஓட்டுநர், வண்டி, சிறு சுமை ஆகியவை கூடி 100 கிலோகிராம் எனக் கொண்டால், அதனை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 27 உவாற்று-மணிச் சக்தி வேண்டும். மின்னோடியின் வெப்ப இழப்பும் பாதையின் உராய்வும் சேர 40 எனலாம். இன்றைய வண்டிகள் பலவற்றின் மின்கலவடுக்கு 500 உவாற்று-மணி அளவினது. கால் சிறிதும் உழையாவிடினும் அது மொத்தம் 1,200 மீற்றர் அளவுக்கு ஏற்றவல்லது. கால் ஒரு பங்கு உழைத்தால் இன்னும் அதிகம். அவ்வடுக்கை ஒருமுறை நிரப்ப வேண்டுவது அரை அலகு மின்சாரமே. உக்குவளை மின்னிலையம் முழு வலுவில் ஒரு மணிநேரம் இயங்கித் தரும் மின், இழப்புகளைக் கழிக்காது கணக்கிட்டால், இத்தகைய 80,000 அடுக்குகளை நிரப்பும். விழும் நீர் தந்த சக்தி, ஏறும் மனிதனுக்குத் துணையாகின்றது. பௌதிகவியல் நோக்கில் இரண்டும் ஒரே சமன்பாட்டின் இரு பக்கங்கள்.

ஆயின், கணக்குக்கு அடங்காதது பழுது. மலையில் பழுதின் இயல்பே வேறு. சமநிலத்தில் பல்லாண்டு உழைத்த சங்கிலி, மின்னோடியின் இழுவையும் சேறும் கூடியபோது சில மாதங்களில் நீண்டுவிடுகின்றது. இதனை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஓர் ஆணியின் நடுவிலிருந்து இருபத்துநான்காம் கண்ணியின் ஆணி நடுவரை புதிய சங்கிலியில் சரியாக 12 அங்குலம் இருக்கும். பாடசாலை அடிக்கோலை வைத்துப் பார்க்கையில் அது 12 அங்குலத்தின் மேல் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் சங்கிலியை மாற்றவேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை பொறுத்திருந்தால் பற்சில்லுகளும் தேய்ந்துபோம், செலவு பன்மடங்காகும். நீண்ட இறக்கத்தில் தடைத்தட்டு சூடேறும்; ஆதலின் இரு தடைகளையும் விட்டுவிட்டு மாறிமாறிப் பிடித்தலும், தடைக்கட்டையின் உராய்வுப் பொருள் ஒரு மில்லிமீற்றருக்குக் குறையுமுன் மாற்றுதலும் உயிர்காக்கும் பழக்கங்கள். சங்கிலிக்கு இடும் எண்ணெயின் ஒரு துளி தடைத்தட்டில் பட்டாலும் தடை வழுக்கும் என்பதைப் பழைய விளிம்புத் தடையில் பழகிய கைகள் புதிதாகக் கற்கவேண்டும். மின்னோடி குடத்தில் அமைந்த சில்லில் கம்பிகள் தளர்ந்து முறிதல் இயல்பு. அங்கு பழைய நெளிவெடுக்கும் வித்தையே பயன்படும்.

மின்பகுதியிலும் அஞ்சவேண்டாதவை பல உள. திடீரென நின்ற வண்டிகளில் கணிசமானவற்றில் பழுது மின்னோடியில் இராது; ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து களிம்பேறிய இணைப்பிலோ, தடைப்பிடியிலுள்ள சிறு ஆளியிலோ, சில்லின் வேகத்தை உணர்த்தும் காந்தம் இடம் விலகியதிலோ இருக்கும். இவற்றை ஒரு சாதாரண பன்மானியும் பொறுமையும் கொண்ட எவரும் கண்டுபிடிக்கலாம். 36 உவோற்று அடுக்கு என்பது பத்துக் கலங்களைத் தொடராக இணைத்தது. நிரம்பியபோது 42 உவோற்றும், தீர்ந்தபோது 30 உவோற்று அளவும் காட்டும். நீண்ட நாள் வாளாவிருக்கப்போகும் அடுக்கை முழுமையாகவும் நிரப்பாது, முற்றாகவும் தீர்க்காது, பாதியளவில் நிழலில் வைத்தால் ஆயுள் நீளும். உயரழுத்த நீர் பீய்ச்சிக் கழுவுதல் ஆகாது. வாளித் தண்ணீரும் துணியுமே போதும். மலையகத்தில் அவற்றுக்குக் குறைவில்லை.

அஞ்சவேண்டியதும் ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்து மரபு 'எதையும் பிரித்துப் பார்' என்றது. இலிதியம் அடுக்கின் முன் அம்மரபு தடுமாறுகின்றது. 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட ஒரு கலத்தில் குறுஞ்சுற்று ஏற்பட்டால் அதன் வெப்பம் அடுத்த கலத்தை மூட்டும்; அவ்வாறு பரவும் தீ எளிதில் அணையாது. 2023இல் நியூயோர்க் நகரில் இத்தகைய மின்கலத் தீயினால் 18 பேர் மாண்டனர். அவ்வாண்டிலேயே பழைய கலங்களைத் திரட்டிக் கட்டிய அடுக்குகளின் விற்பனையை அந்நகரம் சட்டத்தால் தடுத்தது. ஒரு வண்டியின் சட்டமும் மற்றொன்றின் சில்லும் சேர்த்த 1970களின் வித்தையை இங்கு அப்படியே பெயர்த்தல் உயிருக்கு இறுதியாகும். எதனைத் திறக்கலாம், எதனைத் திறக்கலாகாது என அறிதலும் திருத்தும் அறிவின் ஒரு கூறே. பழைய வண்டி அக்கூற்றை வேண்டி நிற்கவில்லை, புதியது வேண்டி நிற்கின்றது.

ஆனால், ஆபத்தைக் காரணங்காட்டி அனைத்தையும் பூட்டிவைப்பது வேறொரு செயல். இன்றைய மின்னோடிகள் பலவற்றில் தேய்வது ஒரு சாதாரண போதிகையே. அதே போதிகை எந்த வன்பொருட் கடையிலும் கிடைக்கும். எனினும் மின்னோடியின் உறை திறக்கப்படாதவாறு அடைக்கப்பட்டிருக்கும். திறந்தால் உத்தரவாதம் அற்றுப்போம். பழுதின் குறியீட்டைப் படிக்கும் மென்பொருள் முகவரிடம் மட்டுமே இருக்கும். ஆபத்தினால் மூடியவை எவை, ஆதாயத்துக்காக மூடியவை எவை என வேறுபடுத்திக் காட்டும் கடமை அறிவியல் கற்றோரைச் சார்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய மின்கலச் சட்டம், மின்வண்டிகளின் அடுக்குகளை நிறுவனஞ் சாராத தேர்ந்த திருத்துநர் ஒருவர் கழற்றி மாற்றக்கூடியவாறே செய்தல் வேண்டுமென விதித்து, 2027ஆம் ஆண்டை அதற்கு எல்லையாகக் குறித்தது. மூடிய பெட்டி இயற்கையின் நியதியன்று, மனிதர் செய்த தெரிவே என்பதற்கு இச்சட்டம் சான்று.

இலங்கையைப் பொறுத்தவரை இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது எரிபொருள் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டன. அவ்வாண்டு யூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்ற நிலை வந்தது. தென்னிலங்கை நகரங்களும் அன்றுதான் சைக்கிளை மீளக் கண்டுபிடித்தன. விலை பலமடங்கு ஏறியது. கொட்டிலின் மூலையில் துருவேறிக் கிடந்த வண்டிகள் திருத்துநரைத் தேடி வந்தன. வந்தவர் பலருக்குத் திருத்துநர் கிடைக்கவில்லை. அவர் முச்சக்கரவண்டி ஓட்டவோ மத்திய கிழக்குக்கோ போய் நெடுநாளாயிற்று. 1990களில் வடக்கு அறிந்திருந்ததை 2022இல் தெற்கு புதிதாகக் கற்றது. இரு பகுதியினரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வாய்ப்பிருந்தும் அது நிகழவில்லை. அதே 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும் இருந்தது. எரிபொருளற்ற நாளில் மின்வண்டி கைகொடுக்கும் என்பது, மின்னுள்ள நாளுக்கே பொருந்தும். மின் தீர்ந்த பின்னரும் மிதித்தால் ஓடும் என்பது அவ்வண்டிக்குள்ள தனிச்சிறப்பு. சங்கிலியும் பற்சில்லும் செவ்வனே பேணப்பட்டிருந்தால் மட்டும்.

மலையகத் தமிழ் இளைஞருக்கு இதில் ஒரு குறிப்பான பொருளுண்டு. தேயிலை, இறப்பர்த் தொழிற்சாலைகளில் இயந்திரம் பழுதுற்றால் கழற்றிப் பூட்டும் கையறிவு மலையகத்துக்குப் புதிதன்று. தோட்டத்து 'பாஸ்'மாரின் கீழ்நின்று கற்றோர் பலர் கொழும்புக் கடைகளில் சிற்றாள்களாகவே முடிந்தனர். அவர்களது அறிவுக்குச் சான்றிதழும் இல்லை, சொல்லும் இல்லை. சொல் இல்லை என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. பெடல், செயின், பிறீவீல், கோன், ரிம் என்று காதால் கேட்ட ஆங்கிலம் பட்டறையில் தமிழாயிற்று. அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகளில் போதிகை, முறுக்கம், சுழலி, மின்னோடி முதலிய சொற்கள் அழகுற அமைந்தன. பட்டறைச் சொல் பாடநூலுக்குள் நுழையவில்லை. பாடநூற் சொல் பட்டறைக்கு இறங்கவில்லை. பழைய சைக்கிளுக்கு இவ்விடைவெளி பெருந்தடையாகவில்லை, ஏனெனில் கண்ணால் கண்டே அதனைக் கற்கலாம். மின்வண்டியின் கட்டுப்படுத்தியையோ முறுக்க உணரியையோ கண்ணால் கண்டு கற்க இயலாது. உள்ளே நிகழ்வது கண்ணுக்குத் தெரியாதது. அதனைச் சொல்லால்தான் அறியவேண்டும். வண்டியோடு வரும் கைந்நூலோ பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் அமைந்தது. 36 உவோற்று அடுக்கு 30 உவோற்று காட்டினால் யாது பொருள், எந்த மூடியைத் திறக்கலாகாது, எந்த இணைப்பைத் துடைத்தாற் போதும் என்பவற்றைப் பட்டறைத் தமிழிலேயே கூறும் பத்துப் பக்கச் சிறுநூலொன்றை ஆக்க ஒரு பௌதிகவியல் மாணவரும், சில்லு நெளிவெடுக்கத் தெரிந்த ஒரு திருத்துநரும், ஒரு விடுமுறைக் காலமும் போதும். அதற்கான வண்டி, உக்குவளை நிலையத்திலிருந்து மின்னிலையத்துக்கு இறங்கும் எந்தச் சாய்விலும் தன்னைச் சோதித்துக்கொள்ளும்.